மூன்று விரல் பிடி

கத்தி செய்கிற அந்த மனிதரைத் தெரு முழுக்கக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மெருகேற்றிய கத்தியில் முகம் பார்த்து மீசையைத் திருத்திக்கொண்டவர்கள் உண்டு. பழுக்கக் காய்ச்சிய இரும்பை எண்ணெயில் முக்குவதும், மறுபடி மிதமான சூட்டில் வைத்துப் பக்குவப்படுத்துவதும் அவருக்குக் கைவந்த கலை. ஆனால் மனிதர் உயிரை விடுவது உப்புத்தாளில்தான். அலகோ பிடியோ, முரட்டுத் தாளில் தொடங்கி ஏழு தாள் தேய்த்து, மெழுகு போட்டுத் துணிச் சக்கரத்தில் காட்டினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

அப்பேர்ப்பட்டவரின் மனைவி, மருத்துவமனைச் சமையற்கூடத்தில் காய் நறுக்கக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பிடிக் கத்தியைத்தான் இருபது வருடமாக வைத்திருந்தார். கேட்டால், "உங்க கத்திய ஷோகேஸ்ல வைக்கலாங்க, வெங்காயத்துல வைக்க மனசு வரல" என்று சிரிப்பார். கண்ணாடிக்கு அதில் மனத்தாங்கல்தான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

ஒரு வியாழக்கிழமை அந்த மனைவியே பட்டறைக்குள் வந்து நின்றார்.

"எனக்கு ஒரு கத்தி வேணுங்க. திங்கக்கிழமைக்குள்ள."

கைவலியால் அவர் நறுக்குவது தாமதமாகிறதாம். திங்கட்கிழமையும் இப்படியே இருந்தால் ஆளை மாற்றிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

"வீட்ல உக்காந்தா எனக்குப் பைத்தியமே பிடிச்சிரும்" என்றார்.

கண்ணாடிக்குக் கவலைதான். ஆனாலும் மனைவி தன்னிடம் கத்தி கேட்டுவிட்டாள் என்பதில் உள்ளூரத் தலைகால் புரியவில்லை. இருந்ததிலேயே நல்ல இரும்பை எடுத்தார். சனிக்கிழமை மாலை பிடியில் விளக்கொளி மின்ன, கத்தியை நீட்டினார்.

வேலையில் கை எப்போதும் ஈரமாகத்தானே இருக்கும்? மனைவி கையை நனைத்துக்கொண்டு பிடித்தார். கத்தி நழுவித் தரையில் விழுந்தது.

"சோப்புக்கட்டி மாதிரி வழுக்குதுங்க."

"பிடிக்கிற மாதிரி பிடிச்சா ஏன் வழுக்கப்போகுது?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவி உள்ளே போய்விட்டார்.

இடது கைக்காரர்கள் வந்தால் ஒரு களிமண் உருண்டையைக் கொடுத்துக் கத்தியைப் பிடிப்பது போல இறுக்கச் சொல்வது கண்ணாடியின் வழக்கம். அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் பிடியைச் செதுக்குவார். தெரிந்த கைதானே என்று மனைவிக்கு அதைச் செய்யவில்லை. இப்போது உருண்டையோடு சமையலறைக்குப் போனார்.

"கோபம் அப்புறம் படலாம். இத இறுக்கிப் பிடிம்மா."

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் நன்றாகப் பதிந்திருந்தன. மற்ற இரண்டுக்கும் தடமே இல்லை.

"இந்த ரெண்டு விரலும்?"

"மடங்க மாட்டேங்குது."

"எப்பலேருந்து?"

"ஒன்றரை வருஷமா. சொன்னா வேலைய விடுன்னுதானே சொல்வீங்க?"

இரும்பில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் எட்ட நின்றே கண்டுபிடிக்கிறவர், தினமும் தனக்குத் தட்டு எடுத்து வைக்கிற கையைப் பார்த்ததில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. "தப்பு என்மேலதாம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆணிகளைத் தட்டி எடுத்துப் பழைய பிடியைக் கழற்றினார். மூன்று விரலுக்கு முன்னால் பள்ளம், உள்ளங்கை தாங்குகிற இடத்தில் நல்ல பருமன் என்று புதிய பிடியைச் செதுக்கினார். இரண்டாவது உப்புத்தாளோடு நிறுத்தி எண்ணெய் மட்டும் தடவினார். மூன்றாவது தாளை எடுக்கக் கை துறுதுறுத்தது. கையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இப்படிச் சொரசொரவென்று ஒரு கத்தியை அவர் வெளியே விட்டதே இல்லை.

திங்கட்கிழமை மனைவி அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போனார். கண்ணாடிக்கு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வாசலுக்கும் பட்டறைக்கும் நடையாய் நடந்தார்.

சாயங்காலம் மனைவி வந்ததும் பையை வாங்கிப் பார்த்தார். உள்ளே சுற்றிய துணி மட்டும்தான் இருந்தது.

"கத்தி எங்கம்மா?"

"அங்கேயே வச்சிட்டு வந்துட்டேன்" என்றார் மனைவி, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "நாளைக்கும் ஆறு மணிக்கு வரச் சொல்லிட்டாங்க. தினம் அதத் தூக்கிட்டு அலைய முடியுமா?"