யானைக்கு ஒரு பிளக் பாயிண்ட்

பெயர்தான் மடிக்கணினி. டேப் அக்கா அதை வாங்கிய அன்று ஆசை ஆசையாய் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு காலும் மரத்துப்போய், எழுந்திருக்கக் கணவர் வந்து கை கொடுக்க வேண்டியதாயிற்று. திரை அத்தனை அகலம். சார்ஜரைத் தூக்கினால் செங்கல்லைத் தூக்கியது போல இருக்கும். கல்லூரியில் படிக்கும் மகள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது லேப்டாப் இல்ல, யானை" என்று சொன்னாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

டேப் அக்கா என்பதும் சொந்தப் பெயர் இல்லை. கைப்பையில் சீப்பு இல்லாமல் போனாலும் போகும், அளவு டேப் இல்லாமல் போகாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டு மேசையின் உயரத்தை ஒரு தடவை அளந்து பார்க்கிற ஆள். ஒரு கட்டட நிறுவனத்தின் பின்னறையில் உட்கார்ந்து, காலமெல்லாம் அடுத்தவர் திட்டங்களுக்குப் படம் வரைந்து கொடுத்தவள். அங்கே இருந்த கம்ப்யூட்டர் ஓர் அறையின் படத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னால் யோசிக்கும். அது யோசித்து முடிப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம், பக்கத்து மேசைக்காரியின் மாமியார் கதையை முழுசாகக் கேட்டுவிடலாம். நிறுவனத்தை மூடியபோது கைக்கு வந்த பணத்தை அப்படியே யானையில் போட்டாள். இனிமேல் தானே தனியாகச் சமையலறைகள் வடிவமைத்துப் பிழைப்பது என்று முடிவு.

நாத்தனாருக்கு மனசு கேட்கவில்லை. "இந்தக் காசுக்கு ரெண்டு வளையல் வாங்கிப் போட்டிருக்கலாம். கை நிறைஞ்சிருக்கும்" என்றாள்.

"அவ கைக்கு வேலை இல்லன்னா வீட்டை அளந்தே கொல்லுவா. உனக்குத் தெரியாது" என்றார் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மாலை வரை வேன் சும்மாதான் நிற்கும். அந்த நேரத்தில் யானை அதில் சவாரி போகும். அதற்கும் சீட் பெல்ட் போடுவார்.

யானையிடம் அவள் மயங்கிப்போன விஷயம் ஒன்றுண்டு. வரைந்த அறைக்குள் அப்படியே நடந்து போகலாம். ஜன்னலை இந்தப் பக்கம் இழுத்து வைத்தால் வெயில் அந்தக் கணமே தரையில் வந்து விழும். காத்திருப்பே கிடையாது. குறையும் ஒன்றுண்டு, பசி. பேட்டரியை நம்பி ஒரு வீட்டில் நுழைந்தால், வீட்டுக்காரர்களின் பேரப்பிள்ளைகளை விசாரித்து முடிப்பதற்குள் அது கண்ணை மூடிவிடும். அதனால் யார் வீட்டுக்குப் போனாலும் டேப் அக்கா வணக்கம் சொல்வதற்கு முன்பே, "பிளக் பாயிண்ட் எங்க இருக்கு?" என்று கேட்டுவிடுவாள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும்.

தனியாகத் தொடங்கியபின் கிடைத்த முதல் பெரிய வேலை கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுடையது. மூக்குக் கண்ணாடி விற்கிறவர். அவருடைய மனைவி ஒரு காலத்தில் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டி அனுப்பியவர். முப்பது பேருக்குத் தனி ஆளாகச் சமைப்பார். ஆள் குட்டை; ஒரு சாலை விபத்துக்குப் பிறகு தாழ்வான சக்கர நாற்காலிதான். இரண்டு வருடமாகக் கடைக்காரர்தான் சமையல். அவர் சமையலில் உப்பு ஒரு நாள் டபுள் டூட்டி பார்க்கும், ஒரு நாள் லீவு போட்டுவிடும்.

"கிச்சனை எனக்கு ஏத்த மாதிரி பண்ணிக் குடுங்கம்மா. அவ பட்ட கஷ்டமெல்லாம் போதும். அவ ஹால்ல இருந்தே என்னைப் பார்த்துப் பேசுற மாதிரி சுவத்துல ஒரு திறப்பு மட்டும் வச்சிடுங்க" என்றார் நல்ல உயரமான அந்தக் கடைக்காரர். அவ்வளவும் பாசம். அதில் சந்தேகமே வேண்டாம்.

அந்த அம்மாவைக் கேட்டால், "அவர் சொல்றபடியே செய்ங்கம்மா" என்பதோடு சரி. டேப் அக்காவும் அதற்கு மேல் கேட்கவில்லை. படம் முடிந்தது, கடைக்காரர் சம்மதித்தார், அளவுகள் தச்சரிடம் போயின. இவ்வளவு பேர் சேர்ந்து ஒருத்தருக்கு நல்லது செய்யும்போது அந்த ஒருத்தரைக் கேட்க யாருக்குத்தான் தோன்றுகிறது?

பலகை அறுக்கப் போகிற நாள். கதவுகளின் நிறத்தை மட்டும் கடைசியாக ஒரு தடவை காட்டிவிடலாம் என்று டேப் அக்கா காலையில் அந்த வீட்டுக்குப் போனாள். ஹாலில் யானையைத் திறந்ததுமே சிவப்பு விளக்கு. வயர்மேன் எல்லா அறைகளிலும் இணைப்பைப் பிடுங்கிப் போட்டிருந்தார். இடித்துப் போட்ட சமையலறையில், தரையை ஒட்டி ஒரே ஒரு பாயிண்ட்டில்தான் கரண்ட் இருந்தது. கடைக்காரர் பால் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

டைல்ஸ் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் யானையை வைத்தாள். பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அந்த அம்மா நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். அத்தனை நாளும் நின்றுகொண்டும் குனிந்துகொண்டும் அவரிடம் பேசியவள், அன்றுதான் அவருக்குச் சமமாக உட்கார்ந்தாள்.

திரையில் சமையலறை ஜொலித்தது. மேடையின் கறுப்புக் கல், மேலே வெளிர்பச்சை அலமாரிகள், அடுப்பின் மேல் விழும் வெளிச்சம்.

அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "படம் அழகா இருக்கும்மா" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா நான் மேடையோட மேல்பக்கத்தைப் பார்த்தே ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. சும்மா தகவல் சொல்வது போலத்தான் சொன்னார். டேப் அக்கா திரையை மறுபடி பார்த்தாள். இந்தத் தொழிலில் எல்லாப் படத்தையும் நிற்கிற ஆளின் கண்மட்டத்தில்தான் காட்டுவார்கள். சாஃப்ட்வேரே அப்படித்தான் திறக்கும். மேசை நாற்காலியைக்கூட விடாமல் அளக்கிறவள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷியின் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பார்க்கவில்லை.

கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். "அக்கா, கொஞ்சம் நேரா உட்காருங்க." தரையிலிருந்து அவர் கண்வரைக்கும் அளந்தாள். அந்த எண்ணைத் தட்டினாள். யானை பெருமூச்சுகூட விடாமல் அறையையே அவர் கண்மட்டத்துக்கு இறக்கிக் காட்டியது. கறுப்புக் கல் காணாமல் போயிற்று. திரை முழுக்கக் கதவும் கைப்பிடியும்தான். அடுப்பு இருக்கிற இடமே தெரியவில்லை. மேல் அலமாரிகளின் அடிப்பலகை மட்டும் தலைக்கு மேலே நின்றது.

பால் பையோடு உள்ளே வந்த கடைக்காரர் குனிந்து திரையைப் பார்த்தார். "என்னம்மா இது, எதுவுமே தெரியல?"

"இதுதாங்க நான் பாக்குறது" என்றார் மனைவி.

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனுஷர் பால் பையைக் கீழே வைத்தார். பிறகு தரையில் மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னொரு தடவை காட்டுங்கம்மா."

டேப் அக்கா முதலில் தச்சருக்குப் போன் போட்டாள். "மெஷினை நிறுத்துங்க!"

"அக்கா, பலகை மெஷின் மேல படுத்தாச்சு. ரெண்டு அறுத்தும் ஆச்சு."

"அந்த ரெண்டுக்கு நான் வழி பண்றேன். மூணாவதைத் தொடாதீங்க."

தச்சர் முணுமுணுத்தார், ஆனாலும் நிறுத்தினார். போனை வைத்துவிட்டு அவள் அந்த அம்மாவிடம் கேட்டாள், "அக்கா, சமைக்கணும்னு உங்களுக்கு ஆசை இருக்கா?"

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். "இவர் மனசு கஷ்டப்படுமேன்னுதான்..." என்று இழுத்தார். "தினமும் இருக்கு."

அதற்குப் பிறகு அவர் வாய் ஓயவில்லை. மேடை முழங்காலுக்கு மேலே வரட்டும், அடியில் கதவு வேண்டாம், நாற்காலி உள்ளே போக வேண்டும். அலமாரிக்குப் பதில் இழுப்பறை. அடுப்பு ஜன்னலுக்குப் பக்கத்தில். "இல்ல, இன்னும் இந்தப் பக்கம். ஆ, அங்கதான்!" அவர் சொல்லச் சொல்ல டேப் அக்கா நகர்த்தினாள், திரையில் அவர் கண்மட்டத்திலேயே சமையலறை மாறிக்கொண்டே வந்தது. முப்பது பேருக்குச் சமைத்த கை காற்றில் பாத்திரத்தை எடுத்து வைத்துப் பார்த்தது. யானைக்குள் சூடு தணிக்கச் சுழன்ற காற்றாடி போட்ட சத்தத்தில், "இது என்ன மாவு மில்லா?" என்று கேட்டார் கடைக்காரர். அவர் கண் கலங்கியிருந்ததை யாரும் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

பழைய கம்ப்யூட்டராக இருந்திருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும், "நாளைக்குக் காட்டுறேன்க்கா" என்று சொல்லியிருப்பாள். நாளைக்குள் அந்த அம்மா மறுபடியும், "அவர் சொல்றபடியே செய்ங்கம்மா" என்பதற்குப் போயிருப்பார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வேனில் யானையின் சூடான முதுகில் கை வைத்து, "நல்லா இரு" என்றாள் டேப் அக்கா.

"எனக்கு இப்படி ஒரு நாளாவது சொல்லியிருக்கியா?" என்றார் கணவர்.

"நீங்களும் நல்லா இருங்க. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

வேலையெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவே கூப்பிட்டார். "வாம்மா, யானையையும் கூட்டிட்டு வா." எப்போதிருந்து 'நீங்க' போய் 'நீ' வந்தது என்று டேப் அக்காவுக்குத் தெரியவில்லை. அது இதமாக இருந்தது.

போனபோது ஜன்னலோரம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தச்சர் அறுத்துப் போட்ட இரண்டு பலகைகளும் தாழ்வான ஒரு சாப்பாட்டு மேசையாகியிருந்தன. கடைக்காரர் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தார்.

"நீங்க ஹாலுக்குப் போங்க. அந்தத் திறப்பு வழியா பேசுங்க, கேக்குறேன்" என்றார் மனைவி. கடைக்காரர் போனார். துரத்தப்பட்டதில் ஒரு மனுஷனுக்கு இத்தனை சந்தோஷம் இருக்குமா என்று டேப் அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

டீயை அந்த அம்மாவே போட்டு, அவரே ஆற்றி, அவரே நீட்டினார். பிறகு மேசையின் ஓரத்தைக் காட்டினார். சுவரில், உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், புதிதாக ஒரு பிளக் பாயிண்ட்.

"இது நான் குடுத்த படத்துல இல்லியேக்கா?"

"நானேதான் வயர்மேன்கிட்ட சொல்லி வச்சேன். அன்னைக்கு உன் யானை பசியோட வந்துச்சு, எனக்கு என் அடுப்பு திரும்பக் கிடைச்சுது. இனிமே இந்த வீட்டுல நீ பிளக் எங்கன்னு கேக்கக் கூடாது."

டேப் அக்கா யானையை மேசைமேல் வைத்தாள். அன்று வீட்டிலேயே முழுக்கச் சார்ஜ் ஏற்றித்தான் கொண்டு வந்திருந்தாள். அதைச் சொல்லவில்லை. செங்கல் சார்ஜரைப் பையிலிருந்து எடுத்துச் சொருகினாள்.