புளித்த மாவும் பெரிய வியாழனும்

குமுளி பஸ் நிறுத்தத்துக்கு மேலே வர்க்கிச்சன் வீட்டில் சமைக்கும் ராமுத்தாயை எனக்கு நன்றாகத் தெரியும். என் தையல்கடை சன்னல் அந்த அடுக்களையைப் பார்த்துத்தான் இருக்கிறது. சன்னலை அங்கே வைத்தது கொத்தனார், நான் அல்ல.

முழங்கால் வீங்கிக் கொழுந்து பறிக்க முடியாமல் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவள். எழுபத்து நாலாம் வருஷம் தை மாசம் இங்கே சேர்ந்தாள். அடுக்களைக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தார்கள். அதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

மலையாளக் கிறிஸ்தவர்களான அவர்கள் வீட்டில், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலம் பெசகா அப்பம் செய்வார்கள். அரிசி மாவு, உளுந்து, தேங்காய், பூண்டு எல்லாம் சேர்த்து ஆவியில் வேகவைத்து, மேலே குருத்தோலைச் சிலுவை வைப்பார்கள். அப்பம் வெடித்தால் அந்த வருஷம் வீட்டில் ஒரு உயிர் போகும் என்று பயம். அவள் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் வெடித்தது. ஆவணியில் மூத்த மகன் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். மறுவருஷம் சாவு வீடென்று செய்யவில்லை. அவள் சேர்ந்த வருஷம்தான் மறுபடி.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரி ஏலியம்மா, மகளின் பிரசவத்தைப் பார்க்கக் கட்டப்பனைக்குக் கிளம்பினாள். வருஷத்துக்கு ஒருநாள் மட்டும் வெளியே வரும், அப்பம் அவிக்கும் செம்பு, தட்டு, சல்லடை, மரக்கரண்டி, வெள்ளைத் துணி எல்லாவற்றையும் பரணிலிருந்து இறக்கி வைத்தாள்.

"சாமான் எல்லாம் தயாரா இருக்குடீ. நீ உளுந்தை மட்டும் ஆட்டி வச்சா மதி, அது போதும். வியாழக்கிழமை அஞ்சு மணி பஸ்ஸுல வந்துருவேன்."

எப்போது ஆட்டுவது என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. இட்லிக்கு ஆட்டிப் பழகிய கை. புதன்கிழமை சாயங்காலமே ஆட்டி, உப்புப் போட்டு, பழைய மாவில் ஒரு கை சேர்த்து அடித்து மூடிவிட்டாள். விடிந்தபோது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

"சங்கையாண்ணே, பாத்தீகளா பொங்கியிருக்குறத! அப்பம் பூவாட்டம் வரும்."

"அப்படியே எனக்கு நாலு இட்லி ஊத்திரு தாயி" என்றேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் குருத்தோலை கொண்டுவந்தாள் மதலேனம்மாள், மாதா கோயில் கூட்டுகிறவள். வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள்.

"என்னடி வாடை?"

"மாவுக்கா. நல்லாப் புளிச்சிருக்கு."

"அடி வெளங்காதவளே! வேதத்துல அடிமையாக் கெடந்த சனம் தப்பிச்சு ஓடுன நாளுடி இது. மாவு புளிக்கிற வரைக்கும் காத்துக்கெடந்தாகளா அவுக? இன்னைக்கு அப்பத்துல புளிச்சது சேரவே கூடாது."

"பொங்காத மாவ எவளாச்சும் வேகவைப்பாளாக்கா?"

"இந்த வீட்டுல வைப்பாக. இனிமே இங்க எவனுக்குக் காச்ச வந்தாலும் உன் தலையிலதான் விடியும்."

ராமுத்தாய் உடனே வெந்நீரில் புது உளுந்தை ஊறப்போட்டாள். ஆனால் எதில் ஆட்டுவது? ஆட்டுக்கல்லின் குழிக்குள் மூன்று மாசத்துப் புளிப்பு ஊறிக் கிடந்தது. பரணிலிருந்து இறங்கிய சாமான்களில் கல் இல்லை.

"அம்மி இருக்குல்லடி? அதுல எந்தக் காலத்துல புளிச்ச மாவு பட்டுச்சு?" என்றாள் மதலேனம்மாள்.

அம்மியில் பட்டதெல்லாம் மிளகாய். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு மூன்று தடவை தேய்த்தார்கள். தேங்காய்ச் சில்லை அரைத்து வழித்து எறிந்தார்கள். கடைசியில் மதலேனம்மாள் குனிந்து அம்மியை நக்கியே பார்த்தாள்.

"காரம் இல்லடி. அரை, அரை!"

நான் அன்றைக்கு ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு இடது கை வெட்டினேன். பஸ் ஹாரன் கேட்டபோது பாதி உளுந்துதான் அரைந்திருந்தது.

ஏலியம்மா பையோடு நேரே அடுக்களைக்கு வந்தாள். "எதுக்குடீ அம்மியில அரைக்கிறே?"

ராமுத்தாய் குழவியை விட்டுவிட்டு எழுந்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "நேத்தே ஆட்டிப்புட்டேன்மா. பொங்கிருச்சு. தெரியாமச் செஞ்சுட்டேன்."

ஏலியம்மா பானை மூடியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ராமுத்தாய் அரைத்து முடித்ததும் ஏலியம்மா தானே கலந்து, தட்டில் ஊற்றி, ஓலைச் சிலுவையை வைத்தாள். செம்பை அடுப்பில் ஏற்றி, செபமாலையோடு எதிரே உட்கார்ந்தாள். ராமுத்தாய் விறகைத் தள்ளவும் பயந்து நின்றாள்.

அரைமணி கழித்து ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தாள் ஏலியம்மா. குச்சியில் மாவு ஒட்டவில்லை. விளக்கைக் கிட்டே பிடித்து, விளிம்பைச் சுற்றி விரலால் தடவினாள். ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு. வெடிப்பு இல்லை.

அதற்கப்புறம் நடந்ததை மதலேனம்மாள் சொன்னாள். எல்லாரும் செபம் சொன்னார்கள். வர்க்கிச்சன் அப்பத்தை அறுத்து, பாலில் தொட்டு வாயில் வைத்தார். மென்றவர் பாதியில் நிறுத்தினார்.

"எந்தா இது, நாக்குல ஒரு எரிவு?"

கதவுக்குப் பின்னால் ராமுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பூண்டு கொஞ்சம் கூடிப்போச்சு. நான் போட்டதுதான். தின்னுங்க" என்றாள் ஏலியம்மா.

அவர் தின்றார். ராமுத்தாயை யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க வர்க்கிச்சன் ஒரு தும்மல் போட்டால் போதும், அடுக்களையிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடிவந்து எட்டிப் பார்ப்பாள்.