ஒழுகுற குடமும் ஒன்பதாம் கிளாஸ் கோடும்

திருப்போரூரிலிருந்து கடற்கரைப் பக்கம் போற ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம். தொண்ணூறுகளில் அங்கே நான் தண்ணி கொண்டு வைக்கிற ஆயா. நாலு பேர் பார்த்தாலே எனக்குக் கால் பின்னிக்கும். அப்படிப்பட்ட என்னைத்தான் அறிவியல் டீச்சர் பாடத்துக்குள்ளே இழுத்து விட்டாங்க.

எல்லாம் என் பிளாஸ்டிக் குடத்தால் வந்தது. அடியில் ஒரு பொட்டு ஓட்டை, சோப்பு வெச்சு அடைச்சிருந்தேன். ஒருநாள் சோப்பு கரைஞ்சு வராண்டா பூரா சொட்டு. டீச்சர் குனிஞ்சு பார்த்தாங்க.

"ஆயாம்மா, இங்க சொட்டு நெருக்கமா இருக்கு, மெதுவா வந்திருக்கீங்க. ஹெட்மாஸ்டர் ரூம் வாசல்ல மட்டும் தள்ளித் தள்ளி இருக்கே, ஓடுனீங்களா?"

"ஆமாம்மா. பாத்தா எதுனா வேலை சொல்லுவாரு."

டீச்சர் அப்படிச் சிரிச்சாங்க. மறுநாளே ஒன்பதாம் கிளாஸ் பாடத்துக்காக வராண்டாவில் மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் கோடு. நான் குடத்தோடு நடக்கணும். ஒரு பொண்ணு சொட்டை எண்ணும். அஞ்சு சொட்டுக்கு ஒருவாட்டி நான் எந்தக் கோட்டில் இருக்கேன்னு ஒரு பையன் கத்துவான். இன்னொருத்தி சுவரில் ஒட்டின கட்டம் போட்ட தாளில் புள்ளி வைப்பாள். குறுக்கே சொட்டுக் கணக்கில் நேரம், மேலே தூரம். ஒரே சீராய் நடந்தால் புள்ளியெல்லாம் நேர்கோடாய்ச் சாய்ஞ்சு ஏறும். அஞ்சாவது வரைக்கும் படிச்ச எனக்கே புரிஞ்சது.

ஹெட்மாஸ்டருக்குத்தான் பிடிக்கலை. "ஆயா நடக்குறதெல்லாம் பாடமாம்மா? நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். ஆபீசர் சரின்னா நடத்துங்க. இல்லைன்னா போர்டுல எழுதிப் போட்டு முடிங்க."

டீச்சர் முகம் சுண்டிப்போச்சு. "ஆயாம்மா, நாளைக்கு நேர்கோடு வரணும். எதுக்கும் நிக்காதீங்க" என்றாங்க. அன்னிக்கி சாயங்காலம் வூட்டு வாசலில் குடத்தோட நடந்து பழகினேன். "இன்னாடி, பைத்தியம் புடிச்சிகீதா?" என்றாள் பக்கத்து வூட்டுக்காரி.

மறுநாள் எட்டு மீட்டர் வரைக்கும் அருமையாய்ப் போனேன். எதிரே ஆபீசரும் ஹெட்மாஸ்டரும் வந்தாங்க. பெரிய அதிகாரிக்கு எதிரே இடிக்கிற மாதிரி நடக்கிறதா? முதுகைக் காட்டலாமா? அப்படியே நாலடி பின்னாலே போனேன். போய், குனிஞ்சு நின்னுட்டேன்.

"முப்பது!" என்றாள் எண்ணுகிறவள்.

"ஏழு மீட்டர்!" என்றான் பையன்.

ஆபீசர் என்னைப் பார்த்து, "என்னம்மா, தண்ணியா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். காலடியில் குட்டை கட்டுது.

"முப்பத்தஞ்சு!"

"ஏழு!"

"நாப்பது!"

"அதே ஏழுதான்!"

டீச்சர் கண்ணை மூடிக்கிட்டாங்க. ஆபீசர் சுவரண்டை போய்த் தாளைப் பார்த்தார். "ஏறி வந்த கோடு இங்க ஏன் எறங்குது?"

புள்ளி வைக்கிற பொண்ணு துடுக்கு. "அங்கதான் நீங்க வந்தீங்க சார்."

"அப்புறம் ஏன் படுத்துக்கிச்சு?"

"ஆயாம்மா நின்னுகினு இருக்குது சார். நேரம் போவுது, தூரம் போவல."

"எவ்ளோ நேரம் இப்படியே போகும்?"

"நீங்க போற வரிக்கும் சார்."

ஹெட்மாஸ்டருக்கு இருமல் வந்திருச்சு. ஆபீசர் வயிறு குலுங்கச் சிரிச்சு, தூணுக்குப் பின்னாலே போய் நின்னார். "இப்ப போம்மா."

போனேன். கோடு மறுபடி ஏறிச்சு. பசங்க விசில் அடிச்சாங்க.

பார்வைப் புத்தகத்தில் அவர் எழுதினதை டீச்சர் எனக்குப் படிச்சுக் காட்டினாங்க: "பாடம் நன்று. தொடரலாம். ஆயா மட்டும் அதிகாரிகளைக் கண்டால் நிற்க வேண்டாம்."

எழுத்தில் வந்துட்டா உத்தரவுதானே. அடுத்த வருஷம் வேற ஆபீசர் வந்தார். நான் நிக்கலை. அவரும் ஒதுங்கலை; உரசிக்கிட்டே போனதில் குடம் அவர் மேலே தளும்பிச்சு. டீச்சர் அவருக்கு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ளே பேண்ட் முழங்கால் வரைக்கும் நனைஞ்சு போச்சு. ஆனா கோடு மட்டும் நேரா இருந்துது.