இடது கையில் என்ன?

ஒரு சந்தோஷச் செய்தி... என் முட்டி வலிக்கு முட்டி காரணமில்லை!

சிரிக்காதீர்கள். இதைக் கண்டுபிடிக்கத்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சிட்னி பாரமட்டாவில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் ஓடிக்கொண்டிருந்தேன். இடுப்பு, முட்டி, கணுக்கால் எல்லா இடத்திலும் மஞ்சள் ஸ்டிக்கர்கள். காலுக்குக் கீழே ட்ரெட்மில். பின்னால் ஒரு கேமரா, பக்கவாட்டில் இன்னொரு கேமரா. நாற்பத்தேழு வயதில் எனக்கு வந்த முதல் சினிமா சான்ஸ்!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் ஓட்டப் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு வருடமாக டூங்கபியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஓடைக்கரையில் ஓடுகிறேன். ஆபீஸ், சமையல், பிள்ளைகள், போன் என்று நாள் முழுக்க யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஓடும்போது மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்திருக்கிறேன். செப்டம்பரில் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயரும் கொடுத்திருந்தேன்.

அப்போதுதான் வலது முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது.

சும்மா இருப்பார்களா நம்மவர்கள்? ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் இனிப்பு வாங்கப் போனால், பின்னால் நிற்கிற ஆன்ட்டி ‘வாயு’ என்கிறார். கோயிலில் ஒருவர் ‘ஷூவை மாத்துங்க’ என்கிறார். மாற்றினேன். வலியும் புது ஷூ போட்டுக்கொண்டு கூடவே வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, ஓட்டத்தை விட்டுவிடுவது நல்லது என்றார். வீட்டுக்காரருக்கு அது போதுமே...

‘‘இந்த வயசுல மெடல் வாங்கி எங்க மாட்டப் போற? பேசாம நீச்சலுக்குப் போயேன்.’’

அன்று இரவு அழுதேன். ஒரு முட்டிக்காகவா என்று கேட்காதீர்கள். இரண்டு வருடத்தில் எனக்கே எனக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான்.

என் தோழி சுகந்திதான் விடவில்லை. யாழ்ப்பாணத்துக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். ‘‘முட்டியை மட்டும் பாத்துப் பிரயோசனம் இல்லையப்பா. நீர் எப்பிடி ஓடுறீர் எண்டு ஆராவது பாத்தவையோ?’’ என்று கேட்டாள்.

யோசித்தால் நியாயம்தானே? நம் முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறோம். நாம் ஓடுவதை என்றைக்காவது பார்த்திருக்கிறோமா? சுகந்தியே நேரம் குறித்து, சுகந்தியே காரில் கூட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பெயர் ‘கெய்ட் அனாலிசிஸ்’. அதாவது, நாம் ஓடுவதைப் படம் பிடித்து, கால் எப்படி விழுகிறது, இடுப்பு எப்படித் திரும்புகிறது என்று அக்குவேறு ஆணிவேறாகப் பார்ப்பது.

கெல்லி என்ற பிசியோ பெண் வீடியோவை ஸ்லோமோஷனில் ஓட விட்டாள். அடக் கடவுளே! நான் மான் மாதிரி ஓடுகிறேன் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்? வலது கால் தரையில் விழும்போதெல்லாம் முட்டி உள்பக்கமாக மடங்கியது. இடுப்பு ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு போனது.

கெல்லி படத்தை நிறுத்தினாள். கொஞ்சம் பின்னால் ஓட்டினாள். மறுபடி நிறுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, ‘‘உன் இடது கையில் என்ன வைத்திருக்கிறாய்?’’ என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

‘‘ஒண்ணும் இல்லையே!’’

பார்த்தேன். வலது கை அழகாக முன்னும் பின்னும் போய் வருகிறது. இடது கை மட்டும் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, விரல்களை இறுக்கி மூடியபடி அசையாமல் இருக்கிறது. எதைப் பிடித்திருக்கிறேன்?

சுகந்தி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ‘‘ஐயோ... நீர் சீலைக் கொய்யகத்தைப் பிடிச்சுக்கொண்டெல்லோ ஓடுறீர்!’’

ஆமாம்! அதேதான்! சென்னையில் வேலைக்குப் போன காலம் முழுவதும் வலது தோளில் பை, இடது கையில் புடவைக் கொசுவம் என்று பஸ்ஸைத் துரத்தியவள் நான். சிட்னிக்கு வந்தும் பொங்கல் விழாவுக்குப் பட்டுப்புடவையில் ரயிலைத் துரத்தியிருக்கிறேன். இப்போது போட்டிருப்பது டைட்ஸ். கொசுவம் இல்லை. கை மட்டும் விடவில்லை!

இதைக் கெல்லிக்கு எப்படி விளக்குவது? சுகந்தி தன் சால்வையை என் இடுப்பில் சுற்றிவிட்டாள். நான் அதை முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறைக்குள் ஓடிக் காட்டினேன். கெல்லி என்ன செய்தாள் தெரியுமா? தன் டீ-ஷர்ட்டை வயிற்றருகே கொத்தாகப் பிடித்துக்கொண்டு அவளே ட்ரெட்மில்லில் ஏறி ஓட ஆரம்பித்தாள். ஒரு நிமிடம்தான். ‘‘ஓ! வலது பக்கம் இழுக்கிறது!’’ என்று கத்தினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். வலது கால் முன்னால் போகும்போது இடது கையும் முன்னால் போக வேண்டும். அது வராவிட்டால் உடம்பு திருகும். அந்தத் திருகலை முட்டி தனியாகச் சுமக்கும். பாவம் முட்டி... திட்டெல்லாம் அதற்கு!

‘‘ஓட்டத்தை விடணுமா?’’ என்று கேட்டேன்.

‘‘ஓட்டத்தை ஏன் விட வேண்டும்? கையை விடு’’ என்றாள் கெல்லி.

இடுப்புக்குச் சில பயிற்சிகள். அடியைக் கொஞ்சம் குறுக்கி வைக்க வேண்டும். தினமும் கண்ணாடி முன் நின்று கை வீச வேண்டும். ஒரு மாதம் கழித்து ஓடைக்கரையில் ஓடிப் பார், வழக்கமாக வலி ஆரம்பிக்கும் மரப்பாலத்தைத் தாண்டிவிட்டால் செப்டம்பர் ஓட்டத்துக்குப் போகலாம் என்றாள்.

நேற்று அந்தப் பரீட்சை.

சுகந்தி சைக்கிளில் பின்னால் வந்தாள். வீட்டுக்காரரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், வேடிக்கை பார்க்கத்தான். பாலம் கண்ணில் பட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்ததும் இடது கை தானாக வயிற்றுக்குப் போய்விட்டது.

‘‘கையை விடும்! கையை விடும்!’’ என்று கரையே அதிரக் கத்தினாள் சுகந்தி. நாயோடு நடந்த வெள்ளைக்காரர் பயந்து தன் நாயின் கயிற்றை விட்டுவிட்டார்.

நானும் விட்டேன். பாலம் வந்தது. பாலம் போனது. வலி வரவில்லை! அங்கேயே நின்று குதிக்க வேண்டும் போல இருந்தது. குதிக்கவில்லை, ஓடினேன்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றிருந்தார். ‘‘மெடலை ஹால்லயே மாட்டிடலாம்’’ என்றார்.

உங்களுக்கும் எங்காவது வலிக்கிறதா? ஒருமுறை யாரையாவது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். எப்போதோ விட்டிருக்க வேண்டிய எதையோ நீங்களும் பிடித்துக்கொண்டிருக்கலாம். தைரியமாக விடுங்கள்.

என் அனுபவத்தில் சொல்கிறேன்... ஒன்றும் அவிழ்ந்து விழாது!