ஆறாத பாய்

சென்னையைப் பற்றிய என் முதல் அபிப்பிராயம் முதுகு வழியாகத்தான் ஏற்பட்டது. ஒரு கோரைப்பாயில் படுத்தேன்; அது சூடாக இருந்தது. வெயிலில் காய்ந்த சூடு அல்ல. எனக்கு முன்னால் படுத்திருந்த யாரோ அப்போதுதான் விட்டுவிட்டு எழுந்துபோன உடம்புச் சூடு. அதோடு வியர்வையும் தேங்காயெண்ணெயும், இன்னதென்று சொல்ல முடியாத ஒரு மருந்துப் புளிப்பும் கலந்த வாடை. ஊரில் காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தாவிட்டால் "மூதேவி வந்து படுப்பா" என்று அம்மா கத்துவாள். ஒரகடம் பக்கத்துச் சந்து ஒன்றில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருந்த அந்த அறையில் பாயைச் சுருட்டும் வழக்கமே இல்லை. மூதேவி வந்தாலும் அங்கே இடம் கிடைத்திருக்காது. அவளுக்கு முன்னால் வரிசையில் ஆட்கள் இருந்தார்கள்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு, காலாண்டு விடுமுறை. நாட்டின் பொருளாதாரக் கதவுகளைத் திறந்துவிட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன என்பதைப் பின்னால் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்களுக்குத் தெரிந்த கதவு மேட்டூரில் இருந்தது. அது சரியாகத் திறக்கவில்லை. நீடாமங்கலத்துக்கு அருகில் எங்களுக்கு இருந்த கொஞ்ச நிலம் வாய்க்காலின் கடைசியில், "கடைமடை" என்று சொல்வார்களே, அங்கே இருந்தது. மேலே தலைமடைக்காரர்களின் வயலில் நுரைத்துக்கொண்டு பாயும் தண்ணீர் எங்களிடம் வரும்போது வெறும் ஈரமாக வரும்; சில வருடங்களில் வெறும் செய்தியாக மட்டும் வரும். தண்ணீர் குறைந்தால் "முறை" வைப்பார்கள், அதாவது இன்றைக்கு உன் வயலுக்கு, நாளைக்கு என் வயலுக்கு என்று ஒழுங்கு. அப்பா தன் வாழ்நாளில் பாதியை முறைக்காகக் காத்திருப்பதிலும், மீதியை முறை தவறியவர்களோடு சண்டை போடுவதிலும் கழித்தவர். மனிதனுக்கு நியாயம் என்று ஒன்று இருந்தால் அது வாய்க்கால் வழியாகத்தான் வரும், கொஞ்சம் தாமதமாக வரும் என்பது அவருடைய வேதாந்தம்.

அண்ணன் ரவி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, வேதாந்தத்தில் நம்பிக்கையில்லாமல், பூதலூர்க்காரச் சிநேகிதன் செல்வத்தோடு சென்னைக்கு ரயிலேறினான். கார் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்த காலம் அது. பத்திரிகைகள் சென்னையை ஏதோ ஓர் அமெரிக்க ஊரின் பெயரால் அழைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தன. அண்ணன் செய்தது கார் அல்ல, காரின் இருக்கைக்குள் இருக்கும் நுரை மெத்தை. அச்சில் இரசாயனத்தை ஊற்றினால் அது பொங்கிப் பஞ்சாக நிற்கும். இந்தியத் தொழில் வளர்ச்சியில் எங்கள் குடும்பத்தின் பங்கு, முகம் தெரியாத பணக்காரர்களின் பின்பக்கத்துக்கு நோகாமல் பார்த்துக்கொண்டது. ஆனால் ஊரில் இந்த விவரமெல்லாம் எடுபடாது. "மூத்தவன் கம்பெனியில இருக்கான்" என்றால் போதும். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று கேட்பது கோயிலில் போய்ச் சாமிக்கு என்ன சம்பளம் என்று கேட்பதைப் போல.

கேட்கத் தகுந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "பெர்மனென்ட் ஆயிட்டானா?" சென்னையைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் காண்ட்ராக்ட், பெர்மனென்ட் என்ற இரண்டு சாதிகள் அங்கே உண்டென்று தெரிந்திருந்தது. காண்ட்ராக்ட் என்றால் என்றைக்கு வேண்டுமானாலும் போகச் சொல்லலாம். பெர்மனென்ட் என்றால் எமன் வந்தால்கூடக் கம்பெனியைக் கேட்டுக்கொண்டுதான் அழைத்துப் போக வேண்டும்.

கடைத்தெருவில் ஜமால் பாய் மளிகைக் கடையோடு ஒரு எஸ்.டி.டி. பூத்தும் வைத்திருந்தார். (இந்தக் கட்டுரையில் நின்றுகொண்டிருக்கும் பாய் இவர் ஒருவர்தான்.) அவருடைய மகன் துபாயில் இருந்ததால், போனுக்காகக் காத்திருக்கும் தாய்மார்களிடம் அவருக்குத் தனிப் பரிவு. "நான் என் புள்ளய போன்லயே வளத்தேன் தங்கச்சி. மீசை மொளைச்சது கொரல்லதான் தெரிஞ்சுது" என்பார். ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. இரைச்சலுக்கு நடுவில் அம்மாவின் காதில் விழுந்தது: "அம்மா, என்னை பெர்மனென்ட்…" அதோடு லைன் செத்துவிட்டது.

அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அங்கேயே ஒரு கிலோ கற்கண்டு வாங்கி, பாயிலிருந்து தொடங்கித் தெரு முழுக்கக் கொடுத்தாள்.

அப்பா கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். மன்னார்குடிக்காரர் ஒருவர் மனை போடுவதற்காக எங்கள் நிலத்தை இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்குப் பையன் திரும்பி வந்து நின்னா எங்க நிப்பான்?" என்று சொல்லியே அப்பா தட்டிக்கழித்து வந்தார். இப்போது அந்தப் பதில் காலாவதியாகிவிட்டது. "இனிமே யாருக்காக வச்சிருக்கிறது?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டு, மறுநாளே போய் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பாட்டன் சொத்து, அண்ணனும் மேஜர். பத்திரத்தில் அவனும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வருடம் பார்த்துப் புரட்டாசியில் தண்ணீர் வந்தது. கடைமடை வரைக்கும், கேட்காமலேயே, முறை கூட வைக்காமல். சில தண்ணீருக்கு இப்படி ஒரு குரூரமான நகைச்சுவை உண்டு.

அண்ணனை அழைத்துவரத்தான் அப்பாவும் நானும் கிளம்பினோம். "அப்படியே ஆயுத பூசைக்குக் கம்பெனியயும் பாத்துட்டு வாங்க. அன்னிக்கு வீட்டு ஆளுங்கள உள்ள விடுவாங்களாம்" என்று அம்மா, பெட்டியில் வைத்த வேட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

தாம்பரத்தில் இறங்கிப் பஸ் பிடித்தோம். வழி நெடுகத் தகரக் கொட்டகைகள், ஒவ்வொன்றும் எங்கள் கிராமத்தைவிடப் பெரியவை. நான் வாயைப் பிளந்துகொண்டு கட்டடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு மதில் சுவரைக் காட்டினார். சுவருக்கு அடியில் கருங்கல் மதகு ஒன்று பாதி புதைந்து நின்றது. "ஏரிப் பாசனம்டா இது. இங்கயும் எவனோ கடைமடைக்காரன் இருந்திருப்பான்" என்றார். அதற்குப் பிறகு அவர் வெளியே பார்க்கவில்லை.

அறையில் செல்வம்தான் இருந்தான். எங்களைக் கண்டதும் பாயிலிருந்து துள்ளி எழுந்து, பழக்க தோஷத்தில் "அடுத்த ஆளு!" என்று சலூன்காரர் மாதிரி குரல் கொடுத்தான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வாங்க பெரியப்பா. ரவி இப்ப வந்துருவான். தம்பி, நீ படு. சூடா இருக்கும், பரவால்ல."

ஒரு பாய்க்கு மூன்று பேர் என்று அவன் விளக்கினான். ஒருவன் வேலையில், ஒருவன் பாயில், ஒருவன் டீக்கடையில். ஷிஃப்ட் மாற மாறப் பாயும் கை மாறும். பாய் மட்டும் ஓய்வெடுப்பதில்லை. செல்வத்துக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அப்பாவோ, சென்னையில் அன்றுதான் முதல் தடவையாக முகம் மலர்ந்தார். தனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அந்த ஊரிலும் இருந்ததே என்ற நிம்மதி.

"முறைப் பாசனம்னு சொல்லு. சரி, இதுல தலைமடை யாரு, கடைமடை யாரு?"

"தலைமடை நான்தான் பெரியப்பா" என்று செல்வம் சிரித்தான். "ரவிதான் கடைமடை. அவன் வர்றதுக்குள்ள தலகாணி போயிடும்."

அண்ணன் வந்தான். கண் இரண்டும் கோவைப்பழம். என் முதுகுக்குக் கீழிருந்த அந்த மருந்துப் புளிப்பு அவனிடமும் வந்தது. அது மெத்தையின் வாடை என்று அப்போது புரிந்தது. நான் அவனுடைய முறையில் படுத்திருப்பது எனக்கு உறைக்கவில்லை, அவனும் எழுப்பவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அப்பா பேசப் பேசத் தலையாட்டிக்கொண்டே தூங்கினான். அப்பா கம்பெனியைப் பார்க்க வேண்டும் என்றதும் மட்டும் விழித்துக்கொண்டான்.

"கூட்டமா இருக்கும்ப்பா. பூசைதானே, நம்ம ரைஸ் மில்லுல போடுற மாதிரிதான்."

"உங்கம்மா கேப்பாடா" என்று அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டார்.

கேட்டில் மாவிலைத் தோரணம், உடைத்த பூசணிக்காயின் சிவப்பு, புதுப்புடவை சரசரக்கக் குடும்பம் குடும்பமாக உள்ளே போகும் கூட்டம். காவலுக்கு நின்றவர் வயதானவர், மரியாதைக்காரர். "பெர்மனென்டுங்களா, காண்ட்ராக்டுங்களா?" என்று கேட்டார்.

"பெர்மனென்ட்" என்றார் அப்பா. வாழ்க்கையில் ஓர் ஆங்கில வார்த்தையை அவ்வளவு சுத்தமாக அவர் உச்சரித்து நான் கேட்டதில்லை. ரயிலில் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

காவலர் அண்ணனின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். உள்ளே போகிறவர்களின் அட்டைகள் நீல நாடாவில் தொங்கின. அண்ணனுடையது பச்சை. அவர் எதுவும் சொல்லாமல் அடுத்த குடும்பத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அந்த நாகரிகத்துக்கு அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

"நைட்டுப்பா" என்றான் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு. "பெர்மனென்ட் நைட்டு. எல்லாருக்கும் வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். எனக்கு மாறாது, ராத்திரி மட்டும்தான். அதைத்தான் சொல்ல வந்தேன், போன் கட்டாயிடுச்சு. திரும்பக் கூப்பிட்டப்ப அம்மா கற்கண்டு குடுத்ததைச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க."

எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். உள்ளே மணி அடித்தது. சூடத்தின் வாசனை மதிலைத் தாண்டி இலவசமாக வந்தது. பெரிய மனசு பண்ணி யாரோ பொரிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அதைத் தின்றேன். குடும்பத்தில் எது நடந்தாலும் நான் ஏதாவது தின்றுகொண்டிருப்பேன். அந்த வழக்கம் இன்னும் போகவில்லை.

"நெலத்துக்கு வாக்குக் குடுத்துட்டேன்டா" என்றார் அப்பா.

"செல்வம் சொன்னான்ப்பா. நம்மூருக்கு வந்திருந்த அவங்கப்பா போன்ல சொன்னாராம்."

"நான் வாக்கு மாற முடியாது. நீ மாறலாம். கையெழுத்துப் போட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஊர்ல உன்னைத்தான் திட்டுவான், திட்டிட்டுப் போறான்."

அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். "மாட்டேன்னு சொன்னா நான் வந்து வெவசாயம் பாக்கணும்ப்பா."

"பாரேன். தண்ணி வந்திருக்கு."

"இந்த வருசம் வந்திருக்கு."

அண்ணனே தொடர்ந்தான். "அடுத்த பேட்ச்சுல எடுத்துக்குறோம்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காருப்பா. வரிசையிலதான் இருக்கேன்."

"என்னங்கிறான் அவன்? உன் முறை வரும்ங்கிறானா?"

"ஆமாம்ப்பா."

வாழ்நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்து முறைக்காகக் காத்திருந்த மனிதர் அவர். காத்திருக்காதே என்று சொல்லும் தகுதி உலகத்தில் யாருக்காவது இல்லையென்றால் அது தனக்குத்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த வருசம் தவிர, முறையில்லாத தண்ணி கடைமடைக்கு வந்ததில்லடா" என்று மட்டும் சொன்னார். பிறகு கடைக்காரரிடம் இன்னொரு டீ கேட்டார்.

அண்ணன் ஊருக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, இரவு வேலை தவறிவிடும் என்று அன்றைக்கே ரயிலேறினான். அம்மாவிடம் அப்பா, "கம்பெனி பெருசு, பூசணிக்காயே பெருசு" என்றார். அதற்கு மேல் அந்த விஷயத்தைப் பற்றி அவர் சாகும்வரை பேசவில்லை.

நிலம் என்னுடைய பொறியியல் கல்லூரியில் செமஸ்டர் செமஸ்டராகக் கரைந்தது. படித்ததற்குத் தகுந்த வேலையில் நான் இல்லை. யாருமே இல்லை என்பதால் அது உறுத்துவதில்லை. அந்த நுரை மெத்தைக் கம்பெனி, சலுகை அதிகம் கிடைத்த வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. கொட்டகை இப்போது ஆன்லைன் பொட்டலங்களுக்குக் கிடங்கு. ஜமால் பாயின் பூத் இருந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். எங்கள் வயலில் நட்ட மனைக்கற்கள் வெயிலில் வெளுத்து, நடுவே கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நகர் என்று பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது, வீடு ஒன்றும் வரவில்லை. தண்ணீர் வரும் வருடங்களில் அது கற்களைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது, யாரைக் கேட்பதென்று தெரியாமல்.

அண்ணனுக்கு அடுத்த பேட்ச் வரவே இல்லை. கம்பெனி கம்பெனியாக மாறி, காண்ட்ராக்டர் காண்ட்ராக்டராக மாறி, இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் இருக்கிறான். இரவுக் காவல். பகலில் தூங்கிப் பழகிய உடம்பு என்பதால் அவனே கேட்டு வாங்கிக்கொண்டது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் பெர்மனென்ட் ஆகிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டூட்டி முடிந்து நேரே என் வீட்டுக்கு வருவான். என்னிடம் "மெமரி ஃபோம்" மெத்தை இருக்கிறது. படுத்தவரின் உடம்பை அது நினைவில் வைத்துக்கொள்ளுமாம். வாங்கும்போது கடைப்பையன் அப்படித்தான் சொன்னான். அண்ணன் வந்த முதல் தடவை அதைக் கையால் அமுக்கிப் பார்த்து, முகர்ந்து, "ஊத்துனது சரியில்ல, ஓரத்துல காத்து நின்னிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தரையில் பாயை விரித்துக்கொண்டான். அன்றிலிருந்து அந்த மெத்தையில் எனக்கும் நல்ல தூக்கம் கிடையாது. என்னோடு இருக்கும் அம்மா, தூங்கும் மகனைப் பார்த்துக்கொண்டே, "இத்தனை வருசமா என் புள்ளைக்கு நைட்டாவே போடுறானுங்க. பெர்மனென்ட்டுன்னா அப்படித்தான் போல" என்பாள். நாங்கள் இருவரும் அவளைத் திருத்துவதில்லை.

போன ஞாயிறு மதியம் எழுந்தவன், அரைத்தூக்கத்தில் சட்டையைத் தேடிக்கொண்டே, "அடுத்த ஆளு" என்றான். என் மகள் சிரித்துவிட்டாள். "யாரு பெரியப்பா அடுத்த ஆளு?" அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். எல்லோருக்கும் கட்டில் இருந்தது. வெட்கத்தோடு பாயைச் சுருட்டப் போனான்.

"இரு, சுருட்டாத" என்று நான் போய்ப் படுத்தேன். என் தொப்பைக்குத் தரையில் இறங்குவது சுலபமாக இல்லை. பாய் சூடாக இருந்தது.