பங்குனியில் காய்ச்சி ஐப்பசியில் குடித்தது

என் நாக்கு எதற்கும் உதவாது என்று ஒரு ஜெர்மன்காரர் என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில், நான் வேலை பார்த்த நூல் மில்லின் விருந்தினர் விடுதி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். அதுவரை என் நாக்கைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். எந்தக் கடைக்காரன் பால்கோவாவில் சர்க்கரையைக் கூட்டிப் போட்டிருக்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பீரில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

எங்கள் மில்லுக்குப் புதிதாக வந்திருந்த மெஷின்களைப் பூட்டி ஓட்டிக் கொடுப்பதற்காக அந்த மனிதரை அனுப்பியிருந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. மில்லில் எல்லோரும் அவரை வெறுமனே ‘ஜெர்மன்’ என்றுதான் சொல்வோம். மெயின்டனன்ஸில் எனக்குத்தான் கொஞ்சம் ஆங்கிலம் வரும் என்று என்னை அவருடன் ஒட்டவைத்தார்கள். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலத்தைப் போலவே நொண்டியதால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது.

வந்த இரண்டாம் நாள் பெட்டியைத் திறந்து, கம்பளிக் காலுறைகளுக்குள் பொதிந்து வைத்திருந்த நான்கு பாட்டில்களை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். ஒன்றில்கூட லேபிள் இல்லை. தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, இரண்டு பாட்டிலில் ‘ஒன்று’ என்றும், மற்ற இரண்டில் ‘இரண்டு’ என்றும் எழுதி ஒட்டியிருந்தார். எல்லாம் பீர்தான், ஆனால் வருஷம் முழுக்கக் கிடைக்கிற பீர் இல்லை. அவர்கள் ஊரில் மரங்கள் இலை உதிர்க்கிற காலத்தில் ஒரு திருவிழா வரும். அதற்கென்றே மார்ச் மாதத்தில் காய்ச்சி, கோடை முழுவதும் குளிர்ந்த நிலவறையில் ஊறப்போட்டு, செப்டம்பரில் திறப்பார்களாம். இப்போது காய்ச்சும் மாதம் முன்னே பின்னே ஆகிவிட்டாலும் பேச்சில் இன்னும் ‘மார்ச் பீர்’ என்றுதான் பெயர் என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் விஷயம். அவருக்கு ஓர் அண்ணன். அண்ணன் கல்யாணம் முடித்துப் பக்கத்து ஊருக்குக் குடிபோனவர். இரண்டு ஊரிலும் பீர் காய்ச்சும் ஆலை உண்டு. எந்த ஊர்த் திருவிழா பீர் நல்லது என்று முப்பது வருஷமாக அண்ணன் தம்பிக்குள் வழக்கு. ஒவ்வொரு செப்டம்பரிலும் லேபிளை உரித்துவிட்டு, நம்பர் போட்டு, வீட்டுப் பெண்கள் ஊற்றிக் கொடுக்க, இருவரும் குடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். அண்ணன் அந்த வருஷம் மாசி பங்குனி வாக்கில் இறந்துபோனார். இந்த ஒரு வருஷமாவது முறை தவறாமல் ஒப்பிட்டுப் பார்த்து, எதிரே இருந்து தீர்ப்புச் சொல்ல ஒரு வாய் வேண்டும், அதற்காகத்தான் இத்தனை தூரம் சுமந்து வந்தேன் என்றார்.

நான் இருக்கும்போது என்ன கவலை என்று பாட்டில்களை வாங்கினேன். ஒரு ஜோடியை விடுதிச் சமையல்காரரிடம் கொடுத்து ஐஸ்பெட்டியின் உச்சியில், ஐஸ் கட்டுகிற இடத்திலேயே வைக்கச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பல் கூசினால்தான் அது பீர். சாயங்காலம் எடுத்தபோது பாட்டிலைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஜெர்மன்காரர் முகம் அப்போதே சுருங்கிவிட்டது. இருந்தாலும் ஊற்றினார். ஒன்று வெளுத்த பொன் நிறம், இன்னொன்று தேய்த்துவைத்த செம்புக் குடத்தின் நிறம். இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு இரண்டும் சூப்பர் என்றேன். எது மேல் என்று கேட்டார். இரண்டுமே மேல் என்றேன். அப்போதுதான் என் நாக்கு எதற்கும் உதவாது என்ற பட்டத்தைக் கொடுத்தார். பிறகு, அவ்வளவு ஐஸில் வைத்தால் எந்த நாக்கும் செத்துத்தான் போகும் என்று எனக்காகக் கொஞ்சம் இறங்கி வந்தார். என் மனது ஆறவில்லை.

நல்ல நாக்கு ஒன்று ஊரில் இருந்தது. எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டருடைய நாக்கு. நூற்பு இலாகாவுக்கே தலைவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எண்பதுகளிலிருந்தே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு மொட்டை மாடியில் எங்கள் இருவருக்கும் பீர் உண்டு. எனக்குக் கிடைத்தால் போதும். அவர் அப்படியில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, இது கடைவாசலில் வெயிலில் கிடந்த பெட்டி என்பார், போய் விசாரித்தால் அப்படித்தான் இருக்கும். அவர் நன்றாக இல்லை என்று சொன்ன பிராண்டைக் கடைக்காரரே எங்களுக்கு எடுத்துக் கொடுக்க யோசிப்பார். தன்னைவிட நாக்குத் தெரிந்தவன் விருதுநகர் ஜில்லாவிலேயே கிடையாது என்று அவரே சொல்லவும் சொல்வார். அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது.

ஜெர்மன்காரரிடம் இதைச் சொன்னதும் அவருக்கு உயிர் வந்த மாதிரி ஆகிவிட்டது. மிச்சமிருந்த ஜோடி மாஸ்டருக்குத்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார்.

எல்லாம் சரி, மாதம்தான் சரியில்லை. புரட்டாசி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. புரட்டாசியில் மாஸ்டர் கவிச்சி தொடமாட்டார், பீர் இருக்கிற தெருப்பக்கம்கூடப் போகமாட்டார், சனிக்கிழமை தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து மலைக்கோயிலுக்கு நெற்றியில் நாமத்தோடு நடந்து போவார். ஜெர்மன்காரருடைய டிக்கெட்டோ புரட்டாசி முடிவதற்கு மூன்று நாள் முந்தியே இருந்தது. உலகத்தில் இத்தனை மாதம் இருக்க, அந்த ஊர்த் திருவிழா எங்கள் பெருமாள் மாதத்தில்தான் வந்து விழுந்திருக்க வேண்டுமா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. நான் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். எனக்குப் புரட்டாசித் தடை இல்லை, வீட்டுக்காரி போட்ட தடைதான் பன்னிரண்டு மாதமும் உண்டு. அதை மீறி மீறிப் பழகியவன் என்பதால் மாஸ்டருக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

மார்ச் பீர்! மார்ச் என்றால் நம் கணக்குக்குப் பங்குனி. பங்குனியில் காய்ச்சி வைத்த சரக்கு எப்படிப் புரட்டாசிச் சரக்காகும்? அதுவும் ஒரு ராஜகுமாரன் கல்யாணத்தில் ஆரம்பித்த திருவிழாவாம். பங்குனி, கல்யாணம் என்றால் பங்குனியில் திருக்கல்யாணம் நடக்கிற ஆண்டாள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் மாஸ்டரைத் தனியே நிறுத்தி இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மெஷின் சத்தத்துக்கு நடுவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். ஜெர்மன் பீரை ஒரு தடவையாவது குடித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. கடைசியில், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்றார்.

அன்று சாயங்காலமே போனோம். மாஸ்டர் வீட்டு அம்மா முறுக்குத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, நான் சொன்ன பங்குனிக் கணக்கு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“என்னைக்குக் காய்ச்சுனதுன்னு பெருமாளு கேக்க மாட்டாரு தம்பி. இவுக என்னைக்குக் குடிச்சாகன்னுதான் கேப்பாரு.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் முறுக்கைப் பார்த்தேன். அதற்குமேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

இன்னொரு யோசனையும் எனக்கு வந்தது. ஏதாவது ஒரு மெஷின் ஓடாமல் நான்கு நாள் மக்கர் செய்தால் ஜெர்மன்காரர் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுத்தானே ஆகவேண்டும்? இதை மாஸ்டரிடம் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்லியிருந்தால் என்னை மில்லை விட்டே துரத்தியிருப்பார். அந்தக் கோபத்திலேயே ஆளுக்கு மேல் ஆள் போட்டு, கெடுவுக்கு ஒரு நாள் முன்பே எல்லா மெஷினையும் ஓடவிட்டார்.

ஜெர்மன்காரர் விரதத்தைப் புரிந்துகொண்டார். அவர்கள் பக்கத்திலும் ஈஸ்டருக்கு முன்னால் கறி தொடாத பழைய ஆட்கள் உண்டாம். மாஸ்டர் மேல் அவருக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனால் ஊருக்குக் கிளம்பும் நாள் நெருங்க நெருங்க மனிதர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். புரோட்டாவை ஆறு ஏழு என்று உள்ளே தள்ளுகிறவர் இரண்டோடு கை கழுவியதை நானே பார்த்தேன். அண்ணன் போன பிறகு வருகிற முதல் செப்டம்பர், அதுவும் போய்விட்டது, இனி யார் வீட்டுப் பெண்கள் யாருக்கு ஊற்றுவார்கள் என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது.

வழி சொன்னது மாஸ்டர்தான். பாட்டில்கள் இங்கேயே இருக்கட்டும். ஜெர்மன் ஊருக்குப் போய் இதே இரண்டையும் வாங்கி வைக்கட்டும். ஐப்பசி முதல் தேதி, இங்கே விளக்கு வைக்கிற நேரம், அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், இரண்டு பேரும் குடிப்போம், போனில் தீர்ப்பைச் சொல்வேன் என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் ஜெர்மன்காரர் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்துவிட்டார்.

அதுவரை பாட்டில்களை எங்கே வைப்பது? ஐஸ்பெட்டி என்று நான் வாயைத் திறந்தபோது இருவரும் ஒரே மாதிரி முறைத்தார்கள். நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் எப்போதும் ஈரக்காற்று ஓடவேண்டும். அதற்காகத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் காற்றைக் குளிரவைக்கிற பிளான்ட் ஒன்று தரைக்குக் கீழே இருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அங்கே ஆடிமாசத்துக் கிணற்றடி மாதிரி இருக்கும். மாஸ்டர் ஜெர்மன்காரரைக் கீழே அழைத்துக்கொண்டு போனார். அவர் சுவரைத் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, எங்கள் ஊர் நிலவறையேதான் என்று சந்தோஷப்பட்டார். பாட்டில்களைப் பழைய குழாய்களுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு மறுநாள் ரயிலேறினார்.

ஐப்பசி பிறந்தது. மாஸ்டர் வீட்டு அம்மா, இன்னைக்குத் தடையில்லை என்று சொல்லி ஒரு தட்டு நிறைய மட்டன் சுக்காவும் வறுத்து மாடிக்கு அனுப்பினார். மேற்கே மலைப்பக்கம் மழை இருட்டிக்கொண்டு நின்றது. மாஸ்டர் இரண்டு டம்ளரையும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். முதலில் ஒன்றாம் நம்பர், பொன் நிறம். நல்ல சுத்தமான பீர், நெஞ்சில் இறங்கும்போது ஒரு மெல்லிய கசப்பு, குடித்து முடித்தால் வாய் கழுவினதுபோல இருக்கிறது என்றார். அடுத்தது இரண்டாம் நம்பர், செம்பு நிறம். ஒரு வாய் வைத்துக்கொண்டு வெகுநேரம் விழுங்கவில்லை.

“பால்கோவாச் சட்டியில அடிப்பிடிச்சதச் சுரண்டித் தின்னா ஒரு ருசி வருமே தம்பி, அது இதுல இருக்கு. ஆனா இனிப்புன்னு சொல்ல முடியாது.”

எனக்கும் ஒரு வாய் கொடுத்தார். ஐஸ் இல்லாமல் குடித்தபோதுதான் எனக்கும் தெரிந்தது. புது ரஸ்க்கைக் கடித்த மணம், வறுத்த தானியத்தின் வாசனை, கடைசியில் லேசாகத் தலைகாட்டுகிற கசப்பு. பொன் நிறத்தை வெயிலுக்குக் குடிக்கலாம், செம்பு நிறத்தை மழைக்குக் குடிக்கலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மறுபடியும் இரண்டும் மேல் என்கிறான் என்று பெயர் வரும்.

“ரெண்டுதான்” என்று மாஸ்டர் எழுந்தார். “வாங்க, சொல்லிட்டு வந்துருவோம்.”

தெருமுனையில் வெளிநாட்டுக்கும் பேசுகிற எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் இருவரும் நெருக்கியடித்து நின்றுகொண்டோம். மூன்றாவது தடவை லைன் கிடைத்தது. நான் தீர்ப்பைச் சொன்னேன். மாஸ்டருக்கு இரண்டாம் நம்பர்.

ஜெர்மன்காரர் மெதுவாகப் பேசினார். இரண்டாம் நம்பர் அண்ணன் ஊர் பீர். அதுதான் நல்ல பீர் என்று தனக்கு முப்பது வருஷமாகவே தெரியும். ஒத்துக்கொண்டால் வழக்கு முடிந்துவிடும், அடுத்த வருஷம் அண்ணன் எதற்காக வருவான் என்றுதான் வருஷாவருஷம் தெரிந்தே மாற்றிச் சொல்லி வந்தாராம். இன்றைக்கு நானும் இரண்டுதான் சொல்கிறேன், கேட்கத்தான் அவன் இல்லை, எல்லாம் முடிந்தது, மாஸ்டருக்கு நன்றி சொல் என்றார்.

நான் ரிசீவரின் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு மாஸ்டருக்குத் தமிழில் சொன்னேன்.

“முடிஞ்சு போச்சுன்னா சொல்லுதாரு?”

ஆமாம் என்று தலையாட்டினேன். மாஸ்டர் ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கினார்.

“ஹலோ, மாஸ்டர் ஹியர். நம்பர் டூ நோ குட். நம்பர் ஒன் குட்.”

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பூத்காரருக்கே கேட்டிருக்கும். மாஸ்டர் அசையவில்லை. “நோ, நோ. நம்பர் ஒன். நெக்ஸ்ட் இயர் யூ கம், ஐப்பசி கம், அகெய்ன் செக்கிங்” என்றார். அந்தப் பக்கம் ஆங்கிலம் தீர்ந்துபோய் ஜெர்மன் பாஷையே வர ஆரம்பித்தது. மாஸ்டரும் தமிழுக்கும் தெலுங்குக்கும் மாறிக்கொண்டார். பீர் விஷயத்தில் ஒருநாளும் பொய் சொல்லாத மனிதர், வியர்க்க வியர்க்க நின்றுகொண்டு தானே தோற்கடித்த பீருக்காக வாதாடினார். ஜெர்மன்காரரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அவர் இப்போது அண்ணன் கட்சி.