தெரேஸ் அக்காவின் முந்நூறு

பழைய கையடக்க வீடியோ கேம் ஒன்றின் காணொளியில் அந்த ‘பிப் பிப்’ சத்தத்தை நேற்றுக் கேட்டேன். 1984 கோடை திரும்பி வந்தது. 83 அல்ல, பெரியப்பா மகன் ஆந்த்ரே பிரான்சிலிருந்து அந்தக் கேமைக் கொண்டுவந்தது 84இல்தான்.

கருவடிக்குப்பத்தில் பெரியப்பா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். மதியம் ஜன்னல்களைச் சாத்தி, கொலோன் வாசனைத் தண்ணீர் தடவிக்கொண்டு தூங்குவார். சத்தம் கேட்காமலிருக்க என் அக்கா தெரேஸ் கேமைத் துண்டில் சுற்றி ஆடினாள். முந்நூறு புள்ளியைத் தொட்டபோது ஆந்த்ரே எட்டிப் பார்த்தான். ஒவ்வொரு தப்புக்கும் திரையில் விழும் குறி ஒன்றுகூட இல்லை.

“ஒரு தப்புகூடப் பண்ணாம முந்நூறா? எதையோ அமுக்கிட்டக்கா.”

“ரெண்டு பண்ணேன்டா. அதுவா அழிஞ்சிடுச்சு.”

“மெஷினுக்கு உன்மேல அவ்ளோ பாசமா?”

பிடுங்கி, பேட்டரியைக் கழற்றினான். முந்நூறும் அழிந்தது. அக்கா அப்புறம் அதைத் தொடவில்லை.

காணொளியின் கீழே ஓர் ஆட்டக்காரர் குறைபட்டிருந்தார்: ‘ரொம்பச் சுலபமான கேம். இருநூறு எடுத்தாலே அதுவரை செய்த தப்பெல்லாம் அழிந்துவிடும்.’

அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

“ஆந்த்ரேவுக்கு அனுப்புடா,” என்றாள்.

அனுப்பினேன். பாரிஸிலிருந்து உடனே பதில் வந்தது:

“இத எழுதினது அக்காதானே?”